மேலே ஏறிய நஞ்சுக்கொடி, கீழே தங்கிய ரத்தக்குழாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

32-ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரிகள் இவை: “நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது. கருப்பை வாயை மறைக்கவில்லை.” அதைப் படித்த பிறகுதான் தாய்க்கு உயிரே வந்தது. மூன்று மாதங்களாகக் கனமாக எதையும் தூக்காமல், படி ஏறவும் பயந்து இருந்தவர் அவர். பார்த்துக்கொண்டிருந்த மகப்பேறு மருத்துவரும் கோப்பில் ‘சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு வாரங்கள் கழித்து அவருடைய குழந்தை, உடலிலிருந்த ரத்தத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்து, வெளுத்த துணிபோல, பச்சிளங்குழந்தை மருத்துவரான என் கைக்கு வந்தது.

அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது சொல்லியிருந்தது. கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது. கருப்பை வாயின் மேல் காப்பில்லாமல் ஓடும் குழந்தையின் ரத்தக்குழாயைப் பற்றிய அந்தக் கேள்வியே இந்த ஆய்வு. தாயையோ குழந்தையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன.

நிகழ்வு

தாய்க்கு வயது 31, இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை சுகப்பிரசவம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. 20-ஆவது வார ஸ்கேனில் இரண்டு செய்திகள் இருந்தன. நஞ்சுக்கொடி தாழ்வாக இருக்கிறது, அதன் கீழ் ஓரம் கருப்பை வாயைத் தொடுகிறது என்பது ஒன்று. நஞ்சுக்கொடியின் பெரிய பகுதியான மடலிலிருந்து சற்றுத் தள்ளி, சிறிய துணைமடல் ஒன்று இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் செய்தி அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது செய்தி அடைப்புக்குறிக்குள் கிடந்தது.

38 வாரம் 2 நாள் ஆனபோது, அதிகாலை 3:40-க்கு வலியோடு வந்தார். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்திருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140. கவலைப்பட ஒன்றுமில்லை.

4:52-க்குப் பனிக்குடம் தானாக உடைந்தது. பணியிலிருந்த செவிலியர் குறிப்பேட்டில் எழுதியது மூன்றே சொற்கள்: “நீர் சிவப்பாக வந்தது.” பிரசவ வலியின்போது சிறிது ரத்தம் படுவது வழக்கம்தான். ஆனால் அது சளியோடு கலந்து பிசுபிசுப்பாக, திட்டுத்திட்டாக வரும். இதுவோ தண்ணீரில் சாயத்தைக் கரைத்ததுபோல முதல் சொட்டிலேயே சிவந்திருந்தது. அனுபவமுள்ள கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியும். அந்தச் செவிலியருக்குத் தெரிந்தது. குறிப்பை எழுதி முடிக்கும் முன்பே மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இதயத்துடிப்புப் பதிவுத் தாளில் அடுத்த சில நிமிடங்கள் விசித்திரமாக இருக்கின்றன. நலமாக இருக்கும் குழந்தையின் கோடு ரம்பப் பல்போல ஒழுங்கற்று நடுங்கும். அந்த ஒழுங்கின்மைதான் நலத்தின் அடையாளம். இங்கே கோடு வழுவழுப்பாக, கடலலையை வரைந்ததுபோல, ஒரே சீராக ஏறி இறங்கியது. கடுமையான ரத்தசோகையிலோ ரத்த இழப்பிலோ வரும் கோடு அது. பிறகு சட்டென்று 70-க்கு விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. தாயின் நாடியோ 88, ரத்த அழுத்தம் 120/76. தாய்க்கு ஒன்றும் இல்லை, ரத்தம் போகிறது, குழந்தை சரிகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த இளம் மகப்பேறு மருத்துவர், “இது அம்மாவுடைய ரத்தம் இல்லை, குழந்தையுடையது” என்று சொல்லி அறுவை அரங்குக்கு ஓடச் சொன்னார். 5:09-க்கு, பனிக்குடம் உடைந்த 17-ஆவது நிமிடத்தில், சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது.

ரத்தம் யாருடையது என்று கண்டறிய ஒரு சோதனை உண்டு. 1955-இல் லெனர்டு ஆப்ட் விவரித்தது. ரத்தத்தில் தண்ணீர் கலந்து, அதில் காரக் கரைசலைச் சேர்த்தால் பெரியவர்களின் ஹீமோகுளோபின் சிதைந்து பழுப்பாகிவிடும். கருவின் ஹீமோகுளோபின் காரத்தைத் தாங்கிச் சிவப்பாகவே நிற்கும். அழகான சோதனை, மாணவர்களுக்குக் காட்ட எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் துடிப்பு 70-இல் நிற்கும்போது சோதனைக்குழாயைத் தேடுகிறவர் குழந்தையை இழப்பார். அன்று யாரும் அதைத் தேடவில்லை.

கணக்கு

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியின் உடலில் ஐந்து லிட்டருக்கு மேல் ரத்தம் இருக்கிறது. அதில் 120 மில்லிலிட்டர் போனால் அவருக்குத் தலைகூடச் சுற்றாது. ரத்ததானத்தில் அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்துவிட்டு எழுந்து நடக்கிறோம். பிறக்கும் குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 100 மில்லிலிட்டர் வரைதான் ரத்தம். இந்தக் குழந்தையின் எடை 2,940 கிராம். ஆக, மொத்தமே 250 மில்லிலிட்டரை ஒட்டித்தான். ஒரு பெரிய டம்ளர். அதில் அரை டம்ளர் கட்டில் விரிப்பில் கொட்டிவிட்டது. விரிப்பைப் பார்ப்பவருக்கு அது பெரிய ரத்தப்போக்காகத் தெரியாது. அதுதான் இந்தக் கோளாறின் வஞ்சகம்.

தொப்புள்கொடி வெறும் கயிறு இல்லை என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். நிறைமாதத்தில் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீளம். இரண்டு தமனிகள், ஒரு சிரை. தமனிகள் குழந்தையிடமிருந்து கழிவு ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகும். சிரை நல்ல ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும். இந்த மூன்றையும் சுற்றி வழவழப்பான கூழ் ஒன்று மெத்தைபோல அடைத்துக்கொண்டிருக்கும். 1656-இல் அதை விவரித்த தாமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் ஜெல்லி என்று அழைக்கிறோம். கொடி முறுக்கினாலும் நசுங்கினாலும் குழாய்கள் அடைபடாமல் இருப்பது அந்தக் கூழினால்தான். கூழ் இல்லாத இடத்தில் குழாய்க்குக் காப்பே இல்லை.

முதல் இருபது நிமிடம்

தாயின் வயிற்றிலிருந்து எடுத்த கணமே தொப்புள்கொடியை இறுக்கி வெட்டினார்கள். வழக்கமாக ஒரு நிமிடமாவது காத்திருந்து வெட்டுவதை நான் வற்புறுத்துகிறவன். மறுமுனையில் குழாய் கிழிந்து ஒழுகும்போது காத்திருப்பதில் பொருளில்லை.

குழந்தை துவண்டிருந்தது. மூச்சு இல்லை. துடிப்பு 50. நிறம்தான் என் கண்ணில் பட்டது. மூச்சுத்திணறிப் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நீலம் பாரித்திருப்பார்கள், இவளோ வெள்ளை. உதடும் வெள்ளை, உள்ளங்காலும் வெள்ளை. ‘நீலம் என்றால் காற்று கொடு, வெள்ளை என்றால் ரத்தத்தையும் நினை’ என்று பயிற்சி மருத்துவர்களிடம் சொல்வேன். இது முழு உண்மை இல்லை. கடுமையாக மூச்சுத்திணறிய குழந்தையும் வெளுத்துத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தைக்குக் காற்று போனதும் துடிப்பு ஏறத் தொடங்கும். இவளுக்கு முகமூடி வழியாக 30 விநாடி காற்று கொடுத்தோம், நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது, துடிப்பு அசையவில்லை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டோம். நெஞ்சு அழுத்தம் தொடங்கியது. மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. அப்போதும் 50.

இதயம் இறைப்பதற்கு உள்ளே ரத்தம் இல்லை. நிரப்ப வேண்டும், உடனே நிரப்ப வேண்டும். வழி எங்கே? ரத்தம் வற்றிய பச்சிளங்குழந்தையின் கையில் ஊசி ஏற்ற நாளம் கிடைக்காது. கிடைக்கக்கூடிய ஒரே பெரிய வாசல் தொப்புள்.

வெட்டிய கொடியின் முகத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு சிறு வெண்புள்ளிகள் தடித்த விளிம்போடு புடைத்து நிற்கும், அவை தமனிகள். அவற்றுக்கு மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், மெல்லிய சுவரோடு வாய் திறந்திருப்பது சிரை. இவளுக்கு அந்த வாய் திறந்திருக்கவில்லை. உள்ளே ரத்தம் இல்லாததால் சுருக்குப்பைபோல மூடிக் கிடந்தது. இடுக்கியின் நுனியால் மெல்ல விரித்து, உப்புநீர் நிரப்பிய கதீட்டரை (மெல்லிய குழாயை) மூன்று சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி இழுத்தபோது, ஊசிக்குழலில் ஒரு நூல் அளவு சிவப்பு வந்தது. அது போதும். 0.6 மில்லிலிட்டர் அட்ரினலின்; அதன் பின்னாலேயே கிலோவுக்கு 10 என்ற கணக்கில் 30 மில்லிலிட்டர் உப்புநீர், மெதுவாக. ஒரு முனையில் ரத்தத்தைப் பறிகொடுத்த அதே கொடி, இன்னொரு முனையில் அவளுக்கு உயிரைக் கொண்டுபோனது. அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

ஏழாவது நிமிடம் துடிப்பு 80, அழுத்தத்தை நிறுத்தினோம். 11-ஆவது நிமிடம் ஓ நெகட்டிவ் ரத்தம் வந்து சேர்ந்தது. பொருத்தம் பார்க்காமல் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். 30 மில்லிலிட்டர் ஏற்றும்போதே துடிப்பு 150-ஐத் தொட்டது. உதட்டில் முதன்முதலாக ஒரு நிறம் தெரிந்தது. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் ஒரு நிமிடத்தில் 1, ஐந்தில் 3, பத்தில் 5. கொடி ரத்தத்தின் பி.எச். 6.94, கடுமையான அமிலத்தன்மை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதீட்டர் போட்டதும் எடுத்த முதல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13.1. நிறைமாதக் குழந்தைக்கு அது குறைவுதான். ஆனால் பதறவைக்கும் எண் இல்லை. அதை மட்டும் பார்ப்பவர் ‘பெரிதாக ரத்தம் போகவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். திடீரென்று ரத்தம் கொட்டும்போது எஞ்சியிருக்கும் ரத்தத்தின் செறிவு அப்படியேதான் இருக்கும். பாதி காலியான பாத்திரத்தில் இருக்கும் குழம்பும் அதே குழம்புதான். நீர் சேர்ந்த பிறகே நீர்க்கும். இரண்டு மணி நேரம் கழித்து, இடையில் ரத்தம் ஏற்றியிருந்தும், எண் 10.9-க்கு இறங்கியிருந்தது. மறுபடி ரத்தம் ஏற்றினோம். முதல் எண்ணை நம்பியிருந்தால் அதற்குள் சிறுநீரகம் போயிருக்கும்.

அடுத்த சில நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததன் அறிகுறிகள் நடுத்தர அளவில் இருந்தன: மந்தம், தளர்ச்சி, சப்பும் திறன் இன்மை. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் குளிர்விப்புச் சிகிச்சைக்குப் பயன் உண்டு. இரண்டரை மணி நேரத்தில் தொடங்கினோம். உடல் வெப்பம் 33.5 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம். 14-ஆவது மணி நேரத்தில் ஒருமுறை வலிப்பு, பீனோபார்பிடோனுக்கு அடங்கியது. முதல் நாள் சிறுநீர் மிகக் குறைவு; மூன்றாம் நாள் சீரானது. ஏழாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஆழ்பகுதிகள் நன்றாக இருந்தன; இரண்டு பெரிய தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில், வெண்பொருளில் சிறு மாற்றம் தெரிந்தது. 15-ஆம் நாள் தாய்ப்பால் குடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தட்டில் விரித்த நஞ்சு

அன்று காலை ஏழரை மணிக்கு, மகப்பேறு மருத்துவரும் நானும் நஞ்சுக்கொடியை எஃகுத் தட்டில் வைத்துப் பார்த்தோம். பிரசவம் முடிந்ததும் வாளியில் போய்விடும் பொருள் இது. அதைத் தடுத்து எடுத்து வைத்ததும் அதே செவிலியர்தான்.

பெரிய மடல் வட்டமாக, வழக்கம்போல. அதிலிருந்து சில விரற்கடை தள்ளி, உள்ளங்கையில் அடங்கும் துணைமடல். தொப்புள்கொடி எந்த மடலிலும் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சவ்வில் சேர்ந்திருந்தது. சேர்ந்த இடத்தில் ஜெல்லி முடிந்துவிட, உள்ளிருந்த குழாய்கள் பிரிந்து, கைவிரல்களை விரித்ததுபோலச் சவ்வின் ஊடே ஓடின. சவ்வை இரண்டு கையாலும் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தோம். ஈரமான பட்டுத்தாள்போல ஒளி ஊடுருவியது. அதில் கிளைகள் கருநீலமாகத் தெரிந்தன. குழந்தை வெளியேறிய ஓட்டையின் விளிம்பு அந்தக் கிளைகளில் ஒன்றின் குறுக்கே போயிருந்தது. சிரை. ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிந்து, நுனிகள் வெளிறிப்போயிருந்தன. பனிக்குடம் உடைந்தபோது உடைந்தது பனிக்குடம் மட்டும் இல்லை.

தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் உடலில் சேராமல் சவ்வில் சேர்வதை ‘வெலமென்டஸ்’ பொருத்தம் என்கிறோம். ஒற்றைக் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றில் இது உண்டு. இரட்டையரில் இன்னும் அதிகம். காப்பில்லாத அந்தக் குழாய்கள் கருப்பை வாய்க்கு மேலேயோ அருகிலேயோ, குழந்தையின் தலைக்கு முன்னால் குறுக்கிட்டால் அதற்குப் பெயர் ‘வாசா ப்ரீவியா’. ஏறத்தாழ 2,500 பிரசவங்களில் ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கர்ப்பங்களில் இதைவிடப் பல மடங்கு. துணைமடல் இருந்தால், இரண்டு மடல்களையும் இணைக்கும் குழாய்களே இப்படிக் குறுக்கே ஓடக்கூடும்.

எது தவறியது

நஞ்சுக்கொடி மேலே ஏறுகிறது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. அது நகர்ந்து செல்லும் விலங்கு இல்லை. கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளர்வதால் தூரம் கூடுகிறது. போதிய ரத்தம் கிடைக்காத கீழ்ப்பகுதித் திசு மெல்ல வாடி மறைகிறது, மேல்பகுதி செழிக்கிறது. திசு வாடும். அதன் மேல் ஓடிய பெரிய ரத்தக்குழாய் வாடாது. மண் அரித்துப்போன கரையில் வேர் மட்டும் வெளியே நிற்பதுபோல, சவ்வின் மேல் அது தனியே நிற்கும். ஆகவே 20-ஆவது வாரத்தில் தாழ்வாக இருந்து பிறகு ஏறிவிட்ட நஞ்சுக்கொடிதான் வாசா ப்ரீவியாவுக்கான முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்று. நல்ல செய்தி வந்த அந்த நாளில்தான் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். இந்தத் தாய்க்குத் துணைமடலும் சேர்ந்திருந்தது. இரண்டு எச்சரிக்கைகள் கையில் இருந்தும், கேட்ட கேள்வி ஒன்றுதான்: “கருப்பை வாயை மறைக்கிறதா?” இல்லை என்ற பதிலோடு கோப்பு மூடப்பட்டது.

கேட்டிருக்க வேண்டியது: கொடி எங்கே சேர்கிறது? கருப்பை வாய்க்கு மேலே குழாய் எதுவும் ஓடுகிறதா? முதல் கேள்விக்கு 18 முதல் 22 வார ஸ்கேனிலேயே, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வண்ண டாப்ளரை வைத்துப் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு யோனிவழி ஸ்கேன் வேண்டும். அங்கே ஒரு குழாய் தெரிந்தால், அது தாயுடையதா குழந்தையுடையதா என்று குழம்பத் தேவையில்லை. டாப்ளரில் அதன் துடிப்பை எண்ணினால் போதும். 80 என்றால் தாயின் தமனி. 140 என்றால் குழந்தையின் தமனி. துடிக்காமல் ஓடினால் சிரையாக இருக்கலாம். அப்போது அதன் போக்கைத் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

முன்பே தெரிந்தால் என்ன ஆகிறது என்பதற்கு, 2004-இல் வெளியான, 155 கர்ப்பங்களைப் பார்த்த ஆய்வு ஒன்றை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். பிரசவத்துக்கு முன்பே கண்டறியப்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக் குழந்தைகள் பிழைத்தார்கள். கண்டறியப்படாதவர்களில் 44 விழுக்காடு. மருத்துவத்தில் மருந்தோ கருவியோ அல்லாமல், முன்கூட்டித் தெரிந்துகொள்வது மட்டுமே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் இடங்கள் அதிகம் இல்லை. தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது சிக்கலானதும் இல்லை: நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி, கடைசி வாரங்களில் மருத்துவமனைக்கு அருகிலோ உள்ளேயோ தங்குதல், வலி வரும் முன்பே, பெரும்பாலும் 34-க்கும் 37-க்கும் இடைப்பட்ட வாரங்களில் சிசேரியன்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைத் தேட வேண்டுமா என்பதில் வழிகாட்டு நெறிகள் ஒத்துப்போவதில்லை. தேவையற்ற பயம், முன்கூட்டியே எடுக்கப்படும் குழந்தைகள் என்று எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் யோனிவழி ஸ்கேன் என்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் எச்சரிக்கை அறிகுறி உள்ளவர்களை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் எனக்குப் படவில்லை.

ஒரு சிறு விலகல். ஸ்கேன் முடிந்து வரும் பெற்றோர் கொடியைப் பற்றிக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “கழுத்தில் சுற்றியிருக்கிறதா?” நான்கில் ஒரு குழந்தை அப்படிச் சுற்றிக்கொண்டுதான் பிறக்கிறது, பெரும்பாலோருக்கு ஒரு கீறலும் இல்லை. உண்மையான முடிச்சு விழுவதும் நூற்றுக்கு ஒன்று உண்டு. அதிலும் பெரும்பாலும் இறுகுவதில்லை. ஒரு தமனி மட்டும் இருக்கும் கொடி கிட்டத்தட்ட அதே அளவில் காணப்படுகிறது. அப்படி இருந்தால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, வளர்ச்சியைக் கவனித்து வந்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் சுற்றலுக்கு இருக்கும் அச்சத்தில் கால்பங்கு, கொடி சேரும் இடத்தின் மேல் இருந்தால் நன்றாக இருக்கும்.

பிறகு

நான்காம் நாள், குழந்தையைத் தொட அனுமதித்தபோது தாய் கேட்ட முதல் கேள்வி: “டாக்டர், அறிக்கை வந்த பிறகு நான் மாடிப்படி ஏறினேன். அதனாலா?”

“இல்லை அம்மா. கொடி எங்கே சேர வேண்டும் என்பது உங்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம்.”

“அப்படியானால் யாருக்குமே தெரிந்திருக்க முடியாதா?”

முடியாது என்று சொல்லிவிடுவது எளிது. நான் சொல்லவில்லை. தெரிந்திருக்க முடியும், தேடியிருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். மகப்பேறு மருத்துவரும் அருகில் இருந்தார். அவரும் அதையே சொன்னார். அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் குழந்தை உட்கார்ந்தாள், மழலை பேசினாள். இடது காலில் மட்டும் லேசான இறுக்கம் இருந்தது. இயன்முறைப் பயிற்சி தொடங்கினோம். 18-ஆவது மாதத்தில் நடந்து வந்தாள். ஓடும்போது இடது குதிகால் இன்னும் முழுதாகத் தரையில் படவில்லை. அடுத்த பரிசோதனை இரண்டு வயதில்.

எங்கள் ஸ்கேன் கோரிக்கைப் படிவத்தில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. ஒன்று, ‘கொடி சேரும் இடம்’. மற்றொன்று, ‘தாழ்ந்திருந்து ஏறிய நஞ்சுக்கொடி எனில், கருப்பை வாயின் மேல் டாப்ளர்’. படிவம் புழக்கத்துக்கு வந்த வாரத்தில் முதலாவது வரிக்கு நேரே ஒருவர் ‘குழந்தை மறைக்கிறது, தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தார். முன்பென்றால் அது அப்படியே கோப்புக்குள் போயிருக்கும். அந்தக் கர்ப்பிணியை மறுவாரம் திரும்பக் கூப்பிட்டோம். கொடி நஞ்சுக்கொடியின் நட்டநடுவில் சேர்ந்திருந்தது.